பனிச்சரிவு பீக்கன்: வாங்குமுன் எடைபோட வேண்டியவை

பனிச்சரிவு பீக்கன் என்பது பனிக்கு அடியில் புதைந்துபோனவரை உடன் வந்தவர்களே கண்டுபிடிக்க உதவும் சிறிய ரேடியோ கருவி. பனிச்சறுக்கு, ஸ்னோபோர்டு குழுவில் ஒவ்வொருவரும் ஒன்றை உடம்போடு கட்டிக்கொள்வார்கள். மலையில் இருக்கும் நேரம் முழுவதும் கருவி ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை துடிப்பை அனுப்பியபடி இருக்கும். சரிவு யாரையாவது மூடிவிட்டால், மற்றவர்கள் தங்கள் கருவிகளைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தத் துடிப்பைப் பின்தொடர்ந்து செல்வார்கள்.

இயந்திரத்தால் சமன்படுத்தி, தினமும் கண்காணிக்கும் சறுக்குப் பாதைகளில் இதன் தேவை குறைவு. பாதையை விட்டு விலகி, யாரும் மிதிக்காத பனியில் சறுக்குபவர்களுக்கு இது கட்டாயம். காஷ்மீரின் குல்மார்க் அப்படிப்பட்ட இடம். 2005இல் திறக்கப்பட்ட, கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம், பயணிகளை அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து இறங்கும் சரிவுகளில் பெரும்பகுதி சமன்படுத்தப்படாதவை. 2023 பிப்ரவரியில் அஃபர்வத் சரிவில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள்.

புதைந்தவருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. பெரும்பாலோர் இறப்பது குளிரால் அல்ல, மூச்சுத் திணறலால். முதல் 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள் என்ற கணக்கு 1990களிலிருந்து வழக்கில் இருந்தது. 2024இல் வெளியான சுவிட்சர்லாந்துத் தரவு ஆய்வு அந்த அவகாசத்தைப் 10 நிமிடமாகக் குறைத்தது. அதற்குப் பிறகு உயிர் பிழைக்கும் வாய்ப்பு செங்குத்தாகச் சரிகிறது. மீட்புப் படையோ ஹெலிகாப்டரோ அதற்குள் வந்து சேர்வது அரிது. ஆகவே இந்தக் கருவியை எடைபோடும் அளவுகோல் ஒன்றே: பதற்றத்தில் இருக்கும் சாதாரண மனிதரால், கையுறை போட்ட கையோடு, அதைக் கொண்டு எவ்வளவு விரைவாகப் புதைந்தவரை அடைய முடிகிறது?

கருவிக்குள் என்ன இருக்கிறது

முதல் பீக்கனை அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஜான் லாட்டன் 1968இல் உருவாக்கினார். ஸ்காடி என்று பெயரிடப்பட்ட அது 2.275 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது. பின்னர் வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு அலைவரிசைகளைப் பயன்படுத்தியதால், ஒருவரின் கருவி மற்றவருக்குப் பயன்படாத நிலை வந்தது. 1986இல் பன்னாட்டு மலை மீட்பு ஆணையம் 457 கிலோஹெர்ட்ஸைப் பொது அலைவரிசையாக ஏற்றது. இன்று எந்த நிறுவனத்தின் கருவியும் வேறு எந்த நிறுவனத்தின் கருவியையும் தேட முடிவது இதனால்தான்.

இந்தத் தாழ்ந்த அலைவரிசைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. பனி, மரம், மனித உடல் ஆகியவை அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அலைநீளம் 650 மீட்டருக்கும் மேல் என்பதால், தேடல் நடக்கும் சில பத்து மீட்டர் தூரத்தில் கருவி உணர்வது உண்மையில் காந்தப்புலத்தையே. காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் வளைகோடுகளாக அணிவகுப்பதுபோல, புதைந்திருக்கும் கருவியைச் சுற்றியும் புலக்கோடுகள் வளைந்து கிடக்கும். திரையில் தெரியும் அம்புக்குறி அந்தக் கோட்டைத்தான் காட்டுகிறது. அதனால் தேடுபவர் நேர்கோட்டில் போகாமல் வளைந்து செல்வார். திரையில் வரும் எண்ணும் நேர்த்தூரம் அல்ல, தோராயமான மதிப்பு. எண் குறைந்துகொண்டே வந்தால் வழி சரி. கூடிக்கொண்டே போனால் எதிர்த்திசையில் நடக்கிறார் என்று பொருள்.

ஆரம்பக் கருவிகளில் காதொலி மட்டுமே உண்டு. ஒலி கூடுவதையும் குறைவதையும் வைத்து இடத்தைக் கணிப்பதற்கு நீண்ட பயிற்சி வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பேக்கன்ட்ரி ஆக்சஸ் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த டிராக்கர் டிடிஎஸ், இரண்டு ஆன்டெனாக்களின் உதவியால் திசையையும் தூரத்தையும் எண்முறையில் காட்டியது. இன்றைய தரமான கருவிகள் எல்லாவற்றிலும் மூன்று ஆன்டெனாக்கள் உள்ளன. புதைந்தவரின் கருவி செங்குத்தாக நின்றுவிட்டால், ஒன்று இரண்டு ஆன்டெனாக் கருவிகள் பனிப்பரப்பில் இரண்டு வெவ்வேறு இடங்களைக் 'கிட்டத்தில்' என்று காட்டி ஏமாற்றும். மூன்றாவது ஆன்டெனா அந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. ஆகவே பழைய ஒற்றை, இரட்டை ஆன்டெனாக் கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

அணிவதும் சரிபார்ப்பதும்

சந்தையில் உள்ள இரண்டு கருவிகள் இரு வேறு அணுகுமுறைகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு: சுவிட்சர்லாந்தின் மாமூட் நிறுவனம் தரும் பாரிவாக்ஸ், பேக்கன்ட்ரி ஆக்சஸின் டிராக்கர் எஸ். இரண்டும் உள்ளங்கையில் அடங்கும். மூன்று ஏஏஏ பேட்டரிகளில் ஓடும். மார்பில் குறுக்காகக் கட்டும் வாரோடு வரும். பேட்டரியுடன் பாரிவாக்ஸின் எடை சுமார் 210 கிராம்.

வாரை வெளிச்சட்டைக்கு உள்ளே அணிய வேண்டும். பனிச்சரிவின் விசை மேலாடைகளையும் முதுகுப்பையையும் பிய்த்துக்கொண்டு போய்விடும். உடல் சூடு பேட்டரியையும் காக்கிறது. ஜிப் வைத்த கால்சட்டைப் பையிலும் கருவியை வைக்கலாம், முதுகுப்பையில் மட்டும் வைக்கவே கூடாது.

கருவியின் நிலையை மாற்றும் விசை தானாக நகரக் கூடாது என்பது அடிப்படைத் தேவை. அனுப்பும் நிலையிலிருந்து தவறி மாறிவிட்ட கருவி, புதைந்தவரைக் கண்டுபிடிக்க முடியாதவராக்கிவிடும். விசைப் பூட்டு சேதமடையக்கூடும் என்ற காரணத்தால் பீப்ஸ் நிறுவனத்தின் டிஎஸ்பி வரிசைக் கருவிகள் 2021இல் திரும்ப அழைக்கப்பட்டன. எந்தக் கருவியை வாங்கினாலும் கையுறையோடு விசையை மாற்றிப் பார்த்து, பூட்டு உறுதியாக விழுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

மலையேறுமுன் நடக்கும் குழுச் சோதனையில், குழுத் தலைவர் தன் கருவியைச் சோதனை நிலையில் வைத்து ஒவ்வொருவரின் துடிப்பும் வருகிறதா என்று பார்ப்பார். இந்த நிலையில் கருவி மிக அருகில் உள்ள துடிப்பை மட்டும் பிடிப்பதால், பக்கத்தில் நிற்பவரின் துடிப்போடு குழப்பம் நேர்வதில்லை. பாரிவாக்ஸில் இந்த வசதி தனியாகவே அமைந்துள்ளது. ஒரு நிமிட வேலை இது. தவிர்க்கத் தகுந்த நாள் என்று எதுவும் இல்லை.

தேடலின் நான்கு கட்டங்கள்

முதல் கட்டம் துடிப்பைப் பிடிப்பது. தேடுபவர், சரிந்த பனிக்குவியல் மீது கருவியின் வீச்சுக்கு ஏற்ற இடைவெளியில் வரிசை வரிசையாக நகர்வார். பாரிவாக்ஸின் தேடல் பட்டை அகலம் 70 மீட்டர் என்றும், டிராக்கர் எஸ்ஸின் வீச்சு 55 மீட்டர் என்றும் அந்தந்த நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. பெரிய சரிவை ஒருவர் தனியாகத் தேடும்போது இந்த வேறுபாடு பயன் தரும். மூன்று நான்கு பேர் பரவி நின்று தேடினால் வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். காந்தப்புலத்தின் வலிமை தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், வீச்சைச் சிறிது கூட்டுவதே பொறியாளர்களுக்குக் கடினமான வேலை. எனினும் விளம்பரங்கள் முன்வைக்கும் அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல.

இரண்டாம் கட்டத்தில், துடிப்பு கிடைத்ததும் அம்பைப் பின்தொடர்ந்து விரைவாக நடக்க வேண்டும். டிராக்கர் எஸ்ஸின் பலம் இங்கே தெரிகிறது. பளிச்சென்ற சிவப்பு எண்களும் ஒளிரும் திசைக்குறிகளும் கொண்ட அதன் முகப்பில் படித்துப் புரிந்துகொள்ள எதுவும் இல்லை. பாரிவாக்ஸின் திரை இன்னும் அதிகம் சொல்கிறது: திசை, தூரம், புதைந்திருப்போரின் எண்ணிக்கை. பழகியவருக்கு அது பெரிய உதவி. பழகாதவருக்கு முதல் சில பயிற்சிகளில் திரையை உற்றுப் பார்த்தபடியே நிற்கும் தடுமாற்றம் வரும்.

மூன்று மீட்டருக்குள் வந்ததும் மூன்றாம் கட்டமான நுண்தேடல் தொடங்கும். வேகத்தைக் குறைத்து, கருவியைப் பனிப்பரப்பை ஒட்டிப் பிடித்து, திருப்பாமல் முதலில் நேராகவும் பிறகு குறுக்காகவும் நகர்த்தி, மிகக் குறைந்த எண் வரும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அவசரத்தில் பெரும்பாலோர் இங்கேதான் பிழை செய்கிறார்கள்: கருவியைத் தூக்கிவிடுவார்கள் அல்லது மணிக்கட்டைத் திருப்பிவிடுவார்கள். பாரிவாக்ஸ் இந்தத் தூரத்தில் அம்பை நீக்கிக் குறுக்குத் தேடலுக்கான குறியைக் காட்டி, ஒலியாலும் வழி நடத்துகிறது. இந்தக் கட்டத்தில் அது தெளிவாக முன்னே நிற்கிறது.

நான்காம் கட்டத்தில் கருவியின் வேலை முடிந்து, பனிக்குள் குத்திப் பார்க்கும் துழாவுகோலின் வேலை தொடங்குகிறது. மிகக் குறைந்த எண் வந்த இடத்தில் ஆரம்பித்து, சரிவுக்குச் செங்குத்தாகக் குத்தி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் வடிவில் வெளியே போக வேண்டும். ஆள் தட்டுப்பட்டதும் கோலை அங்கேயே விட்டுவிட்டு, அதற்குக் கீழ்ப்புறமிருந்து பக்கவாட்டில் தோண்ட வேண்டும். சரிந்து நின்ற பனி இறுகிக் கெட்டியாகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை அடைய ஒரு டன் அளவுக்குப் பனியை அள்ள நேரலாம். அதனால்தான் அலுமினியப் பனிவாரி இல்லாத பீக்கனால் பயன் இல்லை. பிளாஸ்டிக் வாரி அந்தப் பனியில் உடைந்துவிடும்.

பலர் புதைந்தால்

ஒன்றுக்கு மேற்பட்டோர் புதைந்திருந்தால் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். இன்றைய கருவிகள் அவற்றைப் பிரித்து அறிகின்றன. முதலாமவரைக் கண்டுபிடித்ததும் பாரிவாக்ஸில் கொடிப் பொத்தானை அழுத்தினால், கருவி அந்தத் துடிப்பை விலக்கிவிட்டு அடுத்தவரை நோக்கி வழிகாட்டும். டிராக்கர் எஸ்ஸிலும் கண்டுபிடித்த துடிப்பைத் தற்காலிகமாக அடக்கும் வசதி உண்டு. காதொலி மட்டுமே தரும் பழைய அனலாக் கருவி ஒன்று புதைந்தவர்களிடையே இருந்தால் இந்தப் பிரித்தறிதல் தடுமாறும். குழுவில் ஒருவர் பழைய கருவியோடு வருவது எல்லோரையும் பாதிக்கும்.

தேடிக்கொண்டிருப்பவர்கள் மீதே இரண்டாவது சரிவு விழுந்தால், கருவி தானாக அனுப்பும் நிலைக்குத் திரும்பும் ஏற்பாடும் முக்கியமானது. சிறிது நேரம் அசைவு இல்லாததைக் கண்டு கருவி அப்படி மாறுகிறது. அந்த நேர அளவையும் எச்சரிக்கை ஒலியையும் பயனர் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

பேட்டரி, இடையூறு, பராமரிப்பு

ஆல்கலைன் பேட்டரியே பொதுவான தேர்வு. லித்தியம் பேட்டரியை, கையேடு அனுமதிக்கும் கருவியில் மட்டுமே போட வேண்டும். மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யும் ஏஏஏ பேட்டரிகளின் மின்னழுத்தம் கடைசியில் திடீரென விழுவதால், கருவி காட்டும் மீதி அளவை நம்ப முடியாது. பருவம் முடிந்ததும் பேட்டரிகளைக் கழற்றி வைக்க வேண்டும். உள்ளேயே கசிந்து அரித்த இணைப்புகள் பல கருவிகளைக் கெடுத்திருக்கின்றன.

செல்போன், வயர்லெஸ் இயர்போன், சூடேற்றும் கையுறை, ஆக்‌ஷன் கேமரா ஆகியவை கருவியின் உணர்வைக் குலைக்கும். அனுப்பும்போது 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் அவற்றைத் தள்ளி வைக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தரும் அறிவுரை. தேடுபவர் தன் போனை அணைத்துவிடுவது நல்லது. போன் செயலிகளையே பீக்கனுக்கு மாற்றாகக் கருதுவது ஆபத்து என்று கனடாவின் பனிச்சரிவு மையம் 2013இலேயே எச்சரித்தது. போனால் 457 கிலோஹெர்ட்ஸில் பேச முடியாது, எனவே மற்றவர்களின் கருவிகளுக்கு அது இல்லாததற்குச் சமம்.

சறுக்கு உடைகளில் தைக்கப்படும் ரெக்கோ பிரதிபலிப்பானும் மாற்றல்ல. மீட்புக் குழுவின் சிறப்புக் கருவி அனுப்பும் அலையை மட்டுமே அது திருப்பித் தரும். உடன் வந்தவர்களால் அதைத் தேட முடியாது. காற்றுப்பை முதுகுப்பை, புதையும் வாய்ப்பைக் குறைக்கும் நல்ல துணை. அதை அணிந்தவருக்கும் பீக்கன் தேவை.

யாருக்கு எது

புதிய கருவிகளின் விலை வெளிநாட்டுச் சந்தையில் ஏறத்தாழ 300 முதல் 500 டாலர் வரை. ஆண்டுக்கு ஒருமுறை ஜனவரி, பிப்ரவரியில் குல்மார்க் செல்பவர் வழிகாட்டி நிறுவனங்களிடம் பீக்கன், துழாவுகோல், பனிவாரி மூன்றையும் சேர்த்து வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். அப்போது மூன்று ஆன்டெனா உள்ளதா, பேட்டரி புதியதா, வார் முழுமையாக உள்ளதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சொந்தமாக வாங்கும் தொடக்கநிலையாளருக்கு டிராக்கர் எஸ் பொருத்தம். எளிமை பதற்றத்தில் கைகொடுக்கும். அடிக்கடி செல்பவருக்கும், மற்றவர்களை அழைத்துச் செல்பவருக்கும் பாரிவாக்ஸ் மேலானது. நுண்தேடலிலும் பலர் புதைந்த சூழலிலும் அதன் உதவி விலைக்குத் தகுந்தது.

எந்தக் கருவியும் பனிச்சரிவைத் தடுப்பதில்லை. அன்றைய அபாய அறிவிப்பைப் படித்து, ஐந்து படிகள் கொண்ட அளவுகோலில் அபாயம் உயர்ந்த நாளில் செங்குத்துச் சரிவுகளைத் தவிர்ப்பதே முதல் பாதுகாப்பு. அதையும் மீறி விபத்து நேர்ந்தால், காப்பாற்றப்போவது உடன் வந்தவர்களின் பழகிய கைகள். ஆகவே கருவியை வாங்குபவர் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு கருவியைப் பனியில் புதைத்து, நண்பர்களோடு தேடி, தோண்டி எடுக்கப் பயிற்சி செய்ய வேண்டும். அந்தப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் பாதுகாக்கப்பட்ட சறுக்குப் பாதைகளை விட்டு வெளியே போகாமல் இருப்பதே நல்லது.