குழாயின் வாய்

நெய்வேலி நகரியத்தில் பணி ஓய்வு என்றால் வீடு மாறுவதும்தான். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு வடலூரிலோ கடலூரிலோ இந்திரா நகரிலோ கட்டிவைத்த சொந்த வீட்டுக்குப் போக வேண்டும். முப்பது வருஷம் காய்த்த மாமரத்தைக்கூட விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஜன்னல் திரை மாட்டிய ஸ்டீல் பைப்பை விட்டுப்போக மனம் வராது. புது வீட்டு ஜன்னலின் அளவு வேறு. பைப் மூன்று அங்குலம் நீண்டு நிற்கும். அந்த மூன்று அங்குலத்தை எதை வைத்து எடுப்பது என்று கேட்டால், இந்த ஊரில் ஆளுக்கொரு கட்சி.

கட்சி கட்டத் தகுதியுள்ள ஊர்தான். தெருவுக்கு நாலு ஃபிட்டர், இரண்டு வெல்டர் குடியிருக்கும் இடம். கருவியின் பல்லைப் பற்றிய பாடத்தை இந்த ஊர் பிறந்தபோதே படித்துவிட்டது. பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது 1956இல். 1957 மே 20 அன்று நேரு முதல் சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார்; பழுப்பு நிலக்கரி வெயிலைக் கண்டது 1961 ஆகஸ்டில். இடையில் இருந்த நாலு வருஷமும் மேல்மண்ணோடு மல்லுக்கட்டிய காலம். ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர வாளி இயந்திரங்கள் மிருதுவான மண்ணை அள்ளிப் பழகியவை. இங்கே நிலக்கரிக்கு மேல் கிடந்ததோ கடலூர் மணற்கல். கெட்டியும் சொரசொரப்புமான அந்தக் கல்லில் வாளிப் பற்கள் மளமளவென்று தேய்ந்தன. பிறகு வெடிவைத்துக் கல்லைத் தளர்த்திவிட்டு வாளியை இறக்கும் வழக்கம் வந்தது. வெட்டப்படுவது என்னவென்று தெரிந்துகொண்டு பல்லை முடிவுசெய் என்பதை ராட்சத வாளி அளவில் கற்ற ஊர் இது. ஜன்னல் பைப்பில் அதையே மில்லிமீட்டர் கணக்கில் கற்க வேண்டியிருக்கிறது.

கனமான இரும்புக் கம்பியை யாரும் அறுத்துவிடலாம். தோள் வலிக்கும், அவ்வளவுதான். மெல்லிய குழாய் அப்படியில்லை. அழுத்தினால் நசுங்கும், வைஸில் இறுக்கினால் முட்டை வடிவமாகும், ரம்பம் முரடாக இருந்தால் பல்லில் மாட்டிக் கிழியும். உள்ளே ஒன்றுமில்லாத பொருளை அறுப்பதில்தான் ஒருவரின் கைப்பழக்கம் தெரியும்.

வீட்டில் முதலில் கை போவது ஆக்ஸா பிளேடுக்கு. ஐ.டி.ஐ. ஃபிட்டர் வகுப்பின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று: வெட்டுப்படும் கனத்தில் எந்நேரமும் குறைந்தது மூன்று பல் படிந்திருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பன்னிரண்டு அங்குல பிளேடில் ஓர் அங்குலத்துக்கு 18, 24, 32 பல் என்று சாதிகள் உண்டு. 18 பல் பிளேடில் பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி 1.4 மி.மீ.; 24இல் 1.06, 32இல் 0.79. ஜன்னல் பைப்பின் சுவர்க் கனம் 0.8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், மிக நெருக்கமான பிளேடுகூட அந்தக் கனத்தில் ஒரே ஒரு பல்லைத்தான் பதிக்கும். சூத்திரப்படி பார்த்தால் ஆக்ஸா பிளேடை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

ஆனாலும் பழைய ஃபிட்டர்கள் தொடுகிறார்கள், சுத்தமாகவும் வெட்டுகிறார்கள். அவர்கள் செய்யும் தந்திரம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. வெட்ட வேண்டிய இடத்தில் டேப்பை ஒரு சுற்று ஒட்டி, அதன் விளிம்பையே கோடாக வைத்துக்கொண்டு, ரம்பம் மேல்சுவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். பைப்பைக் கொஞ்சம் உருட்டுவார்கள். மறுபடி மேல்சுவர் மட்டும். மறுபடி உருட்டல்.

இதன் கணக்கு அழகானது. 25 மி.மீ. விட்டமும் 0.8 மி.மீ. சுவரும் கொண்ட பைப்பின் உச்சியில் ரம்பத்தை வைத்து, சுவர் அறுபடும் ஆழம் வரை இறக்கினால், பிளேடு படுத்திருக்கும் தூரம் 8.8 மி.மீ. 32 பல் பிளேடில் பதினொரு பல் அங்கே ஒன்றாக உட்காரும். பைப்பை உருட்டாமல் நேரே கீழே இறக்கிக்கொண்டு போனால், நடுவில் வரும்போது இரண்டு பக்கமும் 0.8 மி.மீ. சுவர்தான் மிஞ்சும், பக்கத்துக்கு ஒரு பல். அங்கேதான் ‘டக்’கென்று மாட்டும், பல் உதிரும், பைப் நெளியும். அதே பைப், அதே பிளேடு. உருட்டத் தெரிந்தவருக்குப் பதினொரு பல், தெரியாதவருக்கு ஒன்று.

சரி, இத்தனை பாடு எதற்கு, டியூப் கட்டர் இருக்கிறதே என்று இன்னொரு கட்சி சொல்லும். கட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம். மெல்லிய குழாய்க்கென்றே பிறந்த கருவி அது. ஒரு பக்கம் கூர்மையான சின்னச் சக்கரம், எதிர்ப்பக்கம் இரண்டு உருளை, இறுக்க ஒரு திருகு. குழாயை நடுவில் வைத்து, சக்கரம் தொடும் அளவுக்கு மட்டும் இறுக்கி, முழுச் சுற்று சுற்ற வேண்டும். குழாய் மேல் மெல்லிய கோடு விழும். அந்த முதல் கோட்டில்தான் எல்லாம் இருக்கிறது. கோடு போய்த் தன் தலையோடு சேர்ந்தால் வெட்டு நேராக வரும். சேராமல் மரை மாதிரி சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஓடினால், கட்டர் கோணலாக மாட்டியிருக்கிறது அல்லது சக்கரம் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சுற்றுக்கு ஒரு சின்னத் திருகல். அவசரக்காரர்கள் ஒரே இறுக்காக இறுக்குவார்கள். குழாய் இடுப்பு சிறுத்துப்போகும். நிதானமாகச் சுற்றுகிறவர் கையில் கடைசியில் குழாய் தானாக விலகிக்கொள்ளும். தரையில் ஒரு தூள்கூட விழுந்திருக்காது.

தூள் விழாததற்குக் காரணம், கட்டர் உலோகத்தை எடுப்பதே இல்லை. இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளுகிறது. ரம்பம் தன் அகலத்துக்கு உலோகத்தைத் தின்றுவிடும். கட்டர் எதையும் தின்னாது. ஆனால் ஒதுக்கப்பட்ட உலோகம் எங்காவது போயாக வேண்டுமே? உள்பக்கம் போய் வாயைச் சுருக்குகிறது. வெளியே பார்த்தால் கண்ணாடி போன்ற வெட்டு; உள்ளே விரலை வைத்தால் சுற்றிலும் பிசிறு, ஒரு வரம்பு மாதிரி. கட்டரின் அழகில் மயங்குகிறவர்கள் இந்த உள்வரம்பை மறந்துவிடுகிறார்கள்.

ஜன்னல் பைப்புக்குத் திரும்பினால், எந்தக் கருவி என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைத்துவிடும். பைப்பின் முனையில் மாட்டும் குமிழ் எப்படிப்பட்டது? வெளியே கவிழ்கிற மூடி என்றால் உள்பிசிறு யாருக்கும் தொந்தரவில்லை, கட்டரே போதும். உள்ளே செருகுகிற குமிழ் என்றால் கட்டர் வெட்டிய வாயில் அது நுழையாது. உருட்டு அரத்தால் உள்விளிம்பை ஒரு சுற்றுச் சுரண்ட வேண்டும். அதோடு, விலை குறைந்த ஸ்டீல் பைப் என்பது தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்தது. உள்ளே நீளவாக்கில் ஒரு தையல் ஓடும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் ஒரு குதி குதிக்கும். தையலே இல்லாத குழாயை உருட்டும் வழிக்கு ஜெர்மனியின் மன்னெஸ்மான் சகோதரர்கள் 1885இல் காப்புரிமை பெற்றார்கள். நமக்குப் பக்கத்தில் திருச்சி பெல் ஆலையில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. கொதிகலனுக்குப் போவது அந்தக் குழாய். ஜன்னலுக்கு இந்தத் தையல் குழாய் போதும்.

கொதிகலன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அனல்மின் நிலையத்தில் டியூப் கசிந்தால், கெட்ட துண்டை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைப்பார்கள். அந்த வெட்டை நேராக விடுவதில்லை. இரண்டு வாயையும் சாய்வாகச் சீவுவார்கள். ஐ.பி.ஆர். (இந்தியக் கொதிகலன் விதிகள்) சான்று பெற்ற வெல்டர் வந்து அந்தச் சாய்வுகளுக்கு நடுவே உலோகத்தை நிரப்ப வேண்டும். அங்கே வாய்க்கு வரப்போகும் விருந்தாளி வெல்டிங். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கி 2020இல் ஓய்வு பெற்றது. அங்கே வருஷக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு வந்த கைகளுக்கு, குழாயை வெட்டுமுன் ‘இதோடு எது சேரப்போகிறது’ என்று கேட்பது வெற்றிலை போடுகிற மாதிரி பழகிப்போயிருக்கும்.

இதே கேள்வியை ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கேட்டால் பதில் இன்னும் கறாராக வரும். ஏ.சி.யின் கால் அங்குலச் செம்புக் குழாய் 6.35 மி.மீ. விட்டம். அதன் வாயை 45 டிகிரியில் புனல்போல விரித்து நட்டால் இறுக்க வேண்டும். ஒரு மயிரிழை கோணினாலும் கேஸ் போய்விடும். அங்கே ஆக்ஸா பிளேடு தீட்டு. ரம்பத் தூள் குழாய்க்குள் போனால் கம்ப்ரஸருக்கு எமன். 3 முதல் 16 மி.மீ. வரை பிடிக்கிற குட்டிக் கட்டர், உள்ளங்கையில் அடங்குவது, ஃபிரிட்ஜின் முதுகுச் சந்திலும் சுற்றும். வெட்டியபின் உள்பிசிறைச் சுரண்டும்போது குழாயின் வாயைத் தரை பார்க்கக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். சுரண்டல் கீழே உதிரட்டும் என்று. வாயை விரிக்குமுன் நட்டை மாட்ட மறந்து, திரும்ப வெட்டாத மெக்கானிக் யாரும் இருக்க முடியாது.

அதே ஃபிரிட்ஜில் இன்னொரு குழாய் உண்டு. கேபிலரி. உள்துளை ஒரு மி.மீ.கூட இராது, 0.8, 0.9 என்று வரும். அதில் கட்டரை வைத்தால் துளையே அடைந்துபோகும். ரம்பம் வைத்தால் தூள் அடைக்கும். மெக்கானிக் என்ன செய்கிறார்? முப்பட்டை அரத்தின் விளிம்பால் சுற்றிலும் லேசாக ஒரு வடு போடுகிறார். இரண்டு கையாலும் பிடித்து அப்படியும் இப்படியும் சின்னதாக வளைக்கிறார். ‘டிக்.’ குழாய் ஒடிந்து, துளை வட்டமாகத் திறந்து நிற்கிறது. குழாய் வெட்டும் முறைகளில் இதைவிட அழகானது கிடையாது. அரம் பாதி வேலையைச் செய்துவிட்டு ஒதுங்க, மிச்சத்தை உலோகமே பார்த்துக்கொள்கிறது.

தட்டார் பட்டறையிலும் கட்டர் கிடையாது. தோட்டின் திருகாணி போய் உட்காரும் சுரை என்பது ஒரு குட்டிக் குழாய்தான். அதன் உள்ளே மரை ஓட வேண்டும். வாயைச் சுருக்குகிற எதற்கும் அங்கே இடமில்லை. நூல் போன்ற ரம்பத்தால், பல் கைப்பிடியைப் பார்த்திருக்க, இழுக்கும்போது வெட்டுகிற மாதிரி அறுக்கிறார்கள். தள்ளினால் மெல்லிய குழாய் வளையும், இழுத்தால் வளையாது. நாகஸ்வரத்தின் சீவாளி உட்காருகிற கெண்டையும் ஓர் உலோகக் குழல்தான். அதன் வாய் ஒழுங்காக இல்லாவிட்டால் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த வாத்தியமே ஆனாலும் காற்றுக் கசியும்.

நேரம் கிடைத்தவர்கள், ஓய்வுபெற்றவர்களுக்குத்தான் அது கிடைக்கிறது, குழாயில் காற்றுமணி செய்து வராந்தாவில் தொங்கவிடலாம். குழாய் வெட்டும் ஆசையை முழுக்கத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல வேலை இல்லை. ஒரே விட்டமுள்ள அலுமினியக் குழாயை 40 செ.மீ. வெட்டித் தட்டினால் ஒரு ஸா கிடைக்கும். மேல் ஸா வேண்டுமென்றால் பாதியாக வெட்டக் கூடாது, 28.3 செ.மீ. போதும். தட்டுகிற குழாயின் சுருதி, நீளத்தின் இருமடிக்குத் தலைகீழாக ஓடுகிறது. அதனால் 40 செ.மீ. குழாயில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே சுருதி அரை சதவீதம் ஏறிவிடும். இங்கே விருந்தாளி காது. இரண்டு மி.மீ. கூடுதலாக விட்டு அறுத்து, மிச்சத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்துத் தட்டிக் கேட்க வேண்டும். அலுமினியம் அரத்தில் அப்பிக்கொள்ளும். அரத்துக்கு முன்கூட்டியே சாக்பீஸ் பூசிவைத்தால் அப்பாது. நூலைக் கட்ட ஓட்டை போடும் இடம் முனையிலிருந்து நீளத்தில் 22.4 சதவீதம், 40 செ.மீ. என்றால் ஏறத்தாழ 9 செ.மீ. அதிர்வில் அசையாத புள்ளி அது. வேறெங்கே கட்டினாலும் ஒலி சீக்கிரம் செத்துவிடும்.

மூன்றாவது கட்சி ஒன்று உண்டு: ‘கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு ஒரே இழுப்பு.’ பந்தல்காரர்களுக்கும் கிரில் பட்டறைக்கும் அது சரி. நான்கு அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்கு மேல் ஓடுவது. மெல்லிய ஸ்டீல் அந்தச் சூட்டில் நீலம் பாய்ந்து, பிசிறு ரோமமாய்ச் சிலிர்த்து நிற்கும். அலுமினியமோ உருகிச் சக்கரத்தில் ஒட்டும். ஒட்டிய சக்கரம் வெடிக்கவும் செய்யும். கண்ணாடி போடாமல் லுங்கி கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் அதை இயக்குகிறவர்களைப் பார்த்தால் பார்க்கிறவருக்குத்தான் பதறுகிறது. வீட்டுக் குழாய்க்கு அது வேண்டாத முரட்டுத்தனம்; இதில் சமரசம் இல்லை.

ஒரு வீட்டுக்கு வேண்டியது கொஞ்சம்தான்: சின்னக் கட்டர் ஒன்று, ஜன்னல் பைப் பிடிக்கிற கொஞ்சம் பெரிய கட்டர் ஒன்று, ஆக்ஸா பிளேடு, முப்பட்டை அரம், உருட்டு அரம், ஒரு துண்டு உப்புத்தாள். வைஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை. குழாயின் உள்ளே அளவாக ஒரு மரக்குச்சியைச் செருகி, இரண்டு கட்டைகளுக்கு நடுவே காலால் மிதித்துக்கொண்டாலும் நசுங்காது. ஹார்டுவேர் கடையில் வெறும் ‘ஆக்ஸா பிளேடு’ என்று கேட்டால் பெரும்பாலும் பதினெட்டோ இருபத்துநாலோதான் கைக்கு வரும். ‘முப்பத்திரண்டு பல்’ என்று சேர்த்துக் கேட்டு, பிளேடின் ஓரத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.