அஹ்ஸாப் 59: விரிவுரைகள் பேச மறந்தவன்

திருக்குர்ஆனின் 33-ஆவது அத்தியாயமான அல் அஹ்ஸாபின் 59-ஆவது வசனத்தை அறியாத முஸ்லிம் இல்லம் அரிது. விசுவாசிகளின் பெண்கள் ஜில்பாபைத் தாழ்த்திக்கொள்ளப் பணிக்கும் அவ்வசனம் அதற்கான காரணத்தையும் உடன் கூறுகிறது. அவர்கள் அடையாளம் காணப்பட வேண்டும், துன்புறுத்தப்படக் கூடாது என்பதே அது. நம் விரிவுரைகளோ ஆடையின் அளவிலும் முகத்திரை பற்றிய மத்ஹபு வேறுபாடுகளிலும் பக்கம் பக்கமாகத் தோய்கின்றன. துன்புறுத்தியவன் யார், அவனை என்செய்வது என்ற வினா அங்கு எழுவதில்லை.

வசனம் தனித்து நிற்கவில்லை. விசுவாசிகளான ஆண்களையும் பெண்களையும் அவர்கள் செய்யாத ஒன்றுக்காகத் துன்புறுத்துவோர் பெரும்பாவத்தைச் சுமக்கின்றனர் என்கிறது 58. 'அதா' என்னும் ஒரே வேர்ச்சொல்தான் இரண்டிலும் பயில்கிறது. நயவஞ்சகரும், உள்ளத்தில் நோயுள்ளோரும், மதீனாவில் வதந்தி பரப்புவோரும் விலகிக்கொள்ளாவிடில் அந்நகரில் குடியிருக்கவே இயலாது என எச்சரிக்கிறது 60. பெண்ணுக்குரிய அறிவுரை ஒன்று; அதன் இருபுறமும் ஆடவன் மீதான கண்டனம். இந்த அமைப்பைக் கலைத்துவிட்டு நடுவிலுள்ளதை மட்டும் ஓதுவது எவ்வகை விளக்கம்?

இன்னொரு சிக்கலும் உண்டு. இரவில் வெளியே வரும் பெண்களைத் தீயோர் வழிமறித்தனர். ஜில்பாப் கண்டால் சுதந்திரமானவள் என விலகினர், காணாவிடில் அடிமைப் பெண் என நெருங்கினர் என்ற செய்தியை தபரீ, இப்னு கஸீர் போன்றோர் பதிவு செய்துள்ளனர். அது தீயோரின் வழக்கத்தைச் சொல்லும் செய்தி. பின்வந்தோர் பலர் அதையே வசனத்தின் நோக்கமாக்கினர். அப்படியானால் அடிமைப் பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை என்றாகிவிடும்!

இதை முதலில் கடுமையாக மறுத்தோருள் ஒருவர் இப்னு ஹஸ்ம் (மறைவு 1064). மார்க்கம் ஒன்று, மனித இயல்பு ஒன்று, சுதந்திரப் பெண்ணிடம் ஹராமானது அடிமைப் பெண்ணிடமும் ஹராமே என 'அல் முஹல்லா'வில் அவர் வாதிடுகிறார். ளாஹிரீ என்று அவரை ஒதுக்குவோர் அபூ ஹய்யானையேனும் (மறைவு 1344) கேட்கலாம். விசுவாசிகளின் பெண்கள் என்ற பொதுச்சொல்லில் அடிமைப் பெண்களும் அடங்குவர், அவர்களை விலக்கத் தெளிவான சான்று வேண்டும் என்பது 'அல் பஹ்ருல் முஹீத்' ஆசிரியராகிய அவர் கருத்து. அடிமை முறை ஒழிந்தும், 'இப்படி வந்தவளை இப்படித்தான் நடத்துவார்கள்' என்ற பேச்சில் அந்தப் பழைய பாகுபாடு இன்னும் உயிர்வாழ்கிறது.

தமிழகத்தின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் 'ஈவ் டீசிங்' என்ற பெயரையே தாங்கியிருந்தது. கொடுமையைக் கேலியாகச் சுருக்கிய அச்சொல் பின்னர் நீக்கப்பட்டு, பெண்களைத் துன்புறுத்துதல் எனத் திருத்தப்பட்டது. 'அதா'வுக்கு இதுவே நெருங்கிய சொல். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழுவைக் கட்டாயமாக்கியது. கல்வி நிறுவனங்களும் அதில் அடங்கும். நம் பெண்கள் அரபிக் கல்லூரிகளுக்கும் இக்கடமை உண்டு. அங்கே அல் அஹ்ஸாப் பாடம் நடத்தும் ஆசிரியர் 59-இல் நூலை மூடாமல், 60-ஐயும் அதே அமர்வில் ஓதி, முறையிட வேண்டிய இடம் எது என்பதையும் மாணவியருக்குச் சொல்லிவிடலாம்.