திறந்து கிடக்கும் தரவு

ரிச் ஹிக்கி 2007-இல் க்ளோஷர் மொழியை வெளியிட்டார். ஜாவா இயங்கும் அதே ஜேவிஎம் மேல்தான் அதுவும் இயங்குகிறது. ஆனால் ஜாவாக்காரர்கள் எதைத் தொட்டாலும் முதலில் எழுதும் ‘கிளாஸ்’ அதில் மையத்தில் இல்லை. ஒலிபரப்பு நிலையங்களுக்கான தானியங்கி அமைப்பு, வாக்குக் கணிப்பு அமைப்பு என்று சி++, ஜாவா உலகில் பல காலம் உழைத்தவர் ஹிக்கி. ஆப்ஜெக்ட் வழியின் சுகமும் வலியும் தெரிந்த கை அது. அதனால்தான் அவர் எதை விட்டார் என்பதைவிட, விட்ட இடத்தில் எதை வைத்தார் என்பது எனக்கு ரசமாக இருக்கிறது.

ரயில் முன்பதிவில் ஒரு பயணி: பெயர், வயது, பெட்டி, படுக்கை எண். ஆப்ஜெக்ட் வழியில் இவை ஒரு பெட்டிக்குள் பூட்டப்படும். திறக்க அதற்கென்றே மெத்தட்கள் வேண்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும்போதே வேறொரு த்ரெட் உள்ளே புகுந்து படுக்கை எண்ணை மாற்றிவிடலாம். க்ளோஷரில் அந்தப் பயணி வெறும் மேப். நான்கு கீ, நான்கு மதிப்பு, அவ்வளவுதான். அச்சிட்டால் அப்படியே கண்ணால் படிக்கலாம். வரிசைப்படுத்த, வடிகட்ட, கூட்ட என்று மொழியில் ஏற்கெனவே உள்ள ஃபங்ஷன்கள் பயணிக்கும் பொருந்தும், பார்சலுக்கும் பொருந்தும்.

இந்த மதிப்புகளை யாரும் மாற்ற முடியாது. மாற்றம் வேண்டுமென்றால் புது மதிப்புதான் பிறக்கும். அப்படியானால் பத்து லட்சம் உறுப்புகள் உள்ள வெக்டரில் ஒன்றைத் திருத்த, பத்து லட்சத்தையும் நகலெடுக்க வேண்டுமா? இல்லை. இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இங்கேதான் இருக்கிறது. அந்த வெக்டர் உள்ளுக்குள் ஒரு மரம். ஒவ்வொரு கணுவிலும் 32 கிளைகள். நான்கே அடுக்கில் 10,48,576 இடங்கள் கிடைத்துவிடும். உறுப்பின் வரிசை எண்ணே அதற்குப் போகும் வழி: எண்ணை ஐந்தைந்து பிட்களாக வெட்டினால், எந்தக் கிளையில் திரும்புவது என்று ஒவ்வொரு துண்டும் சொல்லிவிடும். திருத்தும்போது அந்தப் பாதையில் உள்ள நான்கு கணுக்கள் மட்டுமே புதிதாகும். மிச்ச மரம் முழுவதையும் பழைய வெக்டரும் புதியதும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பழையதைக் கையில் வைத்திருப்பவருக்கு எதுவும் மாறவில்லை. மேப்புக்கும் இதே உத்திதான். ஃபில் பேக்வெல் வடிவமைத்த ஹேஷ் மரத்தை எடுத்து, மாறாத தன்மையை ஹிக்கி சேர்த்தார்.

2012-இல் வந்த டேட்டாமிக் தரவுத்தளத்தில் இதே எண்ணம் இன்னும் விரிந்தது. பேரேட்டில் பழைய வரியைச் சுரண்டி அழிக்காமல் புது வரி எழுதும் கணக்குப்பிள்ளையைப் போல, அது பழைய தகவலை வைத்துக்கொண்டே புதியதைச் சேர்க்கிறது. பிரேசிலின் நூபேங்க் க்ளோஷரையும் டேட்டாமிக்கையும் நம்பி வளர்ந்த வங்கி. ஹிக்கி இருந்த காக்னிடெக்ட் நிறுவனத்தையே 2020-இல் வாங்கிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. கீயின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் மேப் முறையிடாது. ‘நில்’ என்று வெறுமையைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். பிழை எங்கோ தொலைவில் வெடிக்கும்போது தேடி அலைய வேண்டும். தரவின் வடிவத்தைச் சரிபார்க்க 2016-இல் வந்த ‘ஸ்பெக்’ இதற்கு ஓரளவு மருந்து. கிளாஸின் கண்டிப்பு அந்த இடத்தில் நல்லதுதான் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

ஆனாலும், மாறியே தீர வேண்டிய இடத்தை இந்த மொழி கையாளும் நேர்த்திக்காக அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். மாற்றம் நிகழ மொழி வைத்திருக்கும் வாசல்களில் ஒன்று ‘ஆட்டம்’. அதனிடம் ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கிறோம்; அது பழைய மதிப்பிலிருந்து புதியதைக் கணக்கிடுகிறது. அதற்குள் வேறொருவர் முந்திக்கொண்டால் மறுபடி கணக்கிடுகிறது. படிப்பவர் பூட்டுக்காகக் காத்திருப்பதே இல்லை. பாதி மாறிய மதிப்பு யார் கண்ணிலும் படாது. திரைச் செயலி ஒன்றின் முழு நிலையையும் இப்படி ஓர் ஆட்டத்தில் வைத்து, மாறும்போதெல்லாம் பழைய மதிப்பை ஒரு பட்டியலில் போட்டுவந்தால், ‘அண்டூ’ வசதிக்கென்று பெரிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. பட்டியலின் கடைசி மதிப்பை எடுத்து ஆட்டத்தில் திரும்ப வைத்தால் போதும்.