தன்னைத் தானே படிக்கும் நிரல்

பைதான் மொழியின் செந்தர நூலகத்தில், அதாவது மொழியோடு சேர்ந்தே வரும் கருவித் தொகுப்பில், 2001இல் வெளிவந்த 2.1 பதிப்பு முதல் இடம்பெற்றிருக்கும் ‘இன்ஸ்பெக்ட்’ என்னும் தொகுதி, ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் உறுப்புகள் எங்கே எழுதப்பட்டன, எவற்றை உள்ளீடாக ஏற்கும் என்று தானே கேட்டறிய வழிசெய்கிறது. இதனை அகநோக்கு எனலாம்.

இதன் வேலைப்பாட்டைச் சுவைக்க ‘கெட்சோர்ஸ்’ என்ற ஒரு கருவியே போதும். செயற்கூறு, அதாவது பெயரிட்டு அழைக்கத்தக்க நிரல்துண்டு, இயங்கும் வடிவம் பெற்றபின் தன் மூல வரிகளைச் சுமந்து திரிவதில்லை. கோப்பின் பெயரையும் தொடக்க வரியின் எண்ணையும் மட்டுமே அதற்காக வைத்திருக்கிறது. அந்த இரண்டு தடயங்களைக் கொண்டே கெட்சோர்ஸ் கோப்பைத் தேடித் திறந்து, உரிய வரியில் தொடங்கி, உள்தள்ளல் முடியுமிடம் வரை சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்து, அப்பகுதியை மட்டும் நறுக்கித் தருகிறது. சிக்கனமான அழகுதான், ஆயினும் நிரல் ஓடும்போதே எவரேனும் கோப்பின் தொடக்கத்தில் பத்து வரிகளைச் செருகிவிட்டால், பழைய எண் புதிய கோப்பில் வேறிடத்தைச் சுட்ட, பக்கத்துச் செயற்கூறின் உடல் சிறிதும் கூச்சமின்றி விடையாக வந்து நிற்கக்கூடும். ஒரே வரியில் இரண்டு லாம்டாக்களை, அதாவது பெயரற்ற குறுஞ்செயற்கூறுகளை, எழுதி வைத்தாலோ எதைக் கேட்டாலும் முழு வரியே கிடைக்கும்.

மூலக் கோப்பே எட்டாதபோது இக்கருவி ஊகிக்காமல் பிழை எழுப்பி நின்றுவிடுகிறது. உள்ளீட்டுப் பட்டியலைச் சொல்லும் ‘சிக்னேச்சர்’ கருவியும், சி மொழியில் எழுதப்பட்ட உள்ளமைச் செயற்கூறுகள் சிலவற்றின்முன் அவ்வாறே கைவிரிக்கிறது. தேர்ந்த கைவினைஞரின் நேர்மை இம்மறுப்பில்தான் தெரிகிறது.

பொருள்களுக்கு வார்ப்பாக அமையும் இனக்குழுக்களிடம் இந்த நேர்மை நெடுங்காலம் தடுமாறியது. அவற்றிடம் வரி எண் இல்லாததால், ‘கிளாஸ்’ என்ற சொல்லும் பெயரும் அடுத்தடுத்து வரும் வரியைக் கெட்சோர்ஸ் கோப்பில் எழுத்துப் பொருத்தத்தால் தேடியது. ஆகவே விளக்கக் குறிப்பினுள் எடுத்துக்காட்டாக எழுதிய வரிகூட உண்மையான வரையறையாகத் தேறிவிடலாம். 2020இல் வந்த 3.9 பதிப்பு அந்தத் தேடலை விட்டு, இலக்கண அமைப்பைக் கிளைகளாகக் காட்டும் தொடரியல் மரத்தை நாடியது. அதுவும் ஒரே பெயரில் இரு வரையறைகள் இருந்தால் எது இயங்குகிறது என்று அறியாது. 2024இன் 3.13 பதிப்பில்தான் இனக்குழு தன் தொடக்க வரி எண்ணைத் தானே வைத்துக்கொள்ளத் தொடங்கியது. செயற்கூறிடம் ஆரம்பத்திலேயே இருந்த அந்த ஓர் எண், இனக்குழுவின் கைக்கு வந்து சேர, இன்ஸ்பெக்ட் வெளிவந்ததிலிருந்து 23 ஆண்டுகள் ஆயின.