மா. கிருஷ்ணனின் வனவிலங்கு ஒளிப்படங்கள்: ஒரு விமர்சன நோக்கு

ஒளிப்படக்கலை பற்றித் தமிழில் எழுந்த விமர்சனம் மிகக் குறைவு. அதிலும் பறவைகளையும் வனவிலங்குகளையும் பொருளாகக் கொண்ட படங்கள் பற்றிய விமர்சனம் இல்லையென்றே கூறலாம். சிறுகதையையும் கவிதையையும் எடுத்துக்கொண்டு உருவம், உள்ளடக்கம் எனச் சலிப்புத் தட்டும்வரை விவாதிப்போர்கூட, ஒரு பறவையின் படத்தைக் கண்டதும் ‘நன்றாக வந்திருக்கிறது’ என்பதோடு அமைந்துவிடுகின்றனர். அப்படம் எவ்வாறு பெறப்பட்டது, எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்னும் வினாக்கள் எழுவதில்லை. இயற்கை அழகானது, ஆதலின் அதன் படமும் அழகானது என்ற எளிய சமன்பாடே இதற்குக் காரணமாகும். இச்சமன்பாடு எவ்வளவு பிழையானது என்பதை உணர்வதற்கு மா. கிருஷ்ணனின் (1912–1996) படங்கள் நல்லதொரு வாயிலாக அமைகின்றன.

தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரும், ‘பத்மாவதி சரித்திரம்’ (1898) எழுதியவருமான அ. மாதவையாவின் கடைசிப் புதல்வரே கிருஷ்ணன். திருநெல்வேலியிற் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றவர். சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர் முதலாகப் பல பதவிகள் வகித்து, 1949 இல் அச்சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபின் வேறு உத்தியோகம் நாடாது எழுத்தையும் கமராவையுமே நம்பி வாழ்ந்தவர். கல்கத்தாவின் ‘ஸ்டேற்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996 இல் இறக்கும்வரை, அதாவது 46 ஆண்டுகள், இயற்கை பற்றிய ஒரு பத்தியை விடாது எழுதினார். தமிழிலும் எழுதினார். பறவைகள் பற்றிய அவரது தமிழ்க் கட்டுரைகளும் ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்ற துப்பறியும் நாவலும் அவர் தந்தையாரின் மொழியை விட்டு விலகியவரல்லர் என்பதைக் காட்டும். ஆயினும் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் மாதவையாவுக்குக் கிடைக்கும் பக்கங்களுள் ஒரு பத்தியேனும் மகனுக்குக் கிடைப்பதில்லை. இது ஒருபுறமிருக்க.

கிருஷ்ணனின் படங்களின் தனித்தன்மையை அறிவதற்கு, வனவிலங்கு ஒளிப்படம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். அது வேட்டையிலிருந்து வந்தது. இது உருவகமன்று, வரலாறு. பிரெஞ்சு உடலியலறிஞர் மாரே, பறவைகள் பறக்கும் முறையை ஆராய்வதற்காக 1882 இல் அமைத்த கருவி துப்பாக்கியின் வடிவிலேயே இருந்தது. தோளிற் சார்த்திக் குறிபார்த்து விசையை இழுத்தால் ஒரு செக்கனில் 12 படங்கள் பதியும். ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜ் ஷைரஸ் முன்னர் வேட்டைக்காரராக இருந்தவர். இரவிலே ஓடத்தின் முனையில் விளக்கேற்றி, நீரருந்த வரும் மானின் கண் ஒளிர்வதைக் கண்டு சுடுவது அவர் கற்ற வேட்டை முறை. அவர் செய்ததெல்லாம் அம்முறையை அப்படியே வைத்துக்கொண்டு துப்பாக்கியின் இடத்திற் கமராவையும் வெளிச்ச மருந்தையும் வைத்ததேயாகும். 1906 ஜூலையில் ‘நெஷனல் ஜியோகிரபிக்’ சஞ்சிகை அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. அறிவியற் சஞ்சிகை படப்புத்தகமாகிவிட்டதென்று வெகுண்டு அதன் ஆட்சிக்குழுவினர் இருவர் விலகினர். அப்படங்களில் திடுக்கிட்டுத் துள்ளும் மான்களின் அழகை இன்றும் மறுக்க முடியாது. ஆனால் அந்த அழகு அச்சத்தின் அழகு. இருளிலே திடீரென வெடித்த ஒளியே அதனைத் தோற்றுவித்தது.

இங்கிலாந்தின் கீற்றன் சகோதரர்கள் வேறு வழியிற் சென்றனர். வெடிப்பதற்குப் பதிலாக ஒளிந்தனர். உள்ளீடற்ற எருதொன்றின் உருவைச் செய்து, அதனுட் புகுந்திருந்து பறவைகளைப் படமெடுத்த அவர்களது முயற்சி நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். ஆனால் விலங்கின் போக்குக்கு மனிதன் பொறுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வேர்கொள்கிறது. அவ்வழியில் வந்த எரிக் ஹொஸ்கிங் 1937 இல் ஆந்தையொன்றின் தாக்குதலால் இடக்கண்ணை இழந்தார். எனினும் கூட்டருகே மறைவிடம் அமைக்கும் இம்முறையும் பழுதற்றதன்று. முட்டையையும் குஞ்சையும் விட்டுத் தாய்ப்பறவை விலகும் ஆபத்து அதனுள் எப்போதும் உண்டு. பிரித்தானியாவில் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அரிய பறவைகளைக் கூட்டருகே குழப்பக்கூடிய விதத்திற் படமெடுப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென்ற நிலை இருப்பது இதனாலேயே.

நம் மொழியிலே ‘படம் பிடித்தல்’ என்கிறோம். ‘எடுத்தல்’ என்றும் சொல்வதுண்டு. இரண்டுமே கைக்கொள்ளுதலைக் குறிக்கும் சொற்கள். மீன் பிடித்தலும் குருவி பிடித்தலும் படம் பிடித்தலும் ஒரே வினையால் வழங்கப்படுவது தற்செயலாயினும் பொருத்தமானதே. பிடிக்கப்பட்டது எதுவோ அது தன் இடத்திலிருந்து பெயர்க்கப்படுகிறது. கிருஷ்ணனின் படங்கள் இந்தப் பெயர்த்தலுக்கு எதிரானவை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

பழைய தமிழ் அழகியல் இதனை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். தொல்காப்பியம் பறவையையும் விலங்கையும் தனித்து நோக்கவில்லை, அவை கருப்பொருள்கள். மரத்தோடும் உணவோடும் பறையோடும் மக்களின் தொழிலோடும் சேர்த்தே எண்ணப்படுபவை. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளின்றிக் கருப்பொருளுக்கு நிலைபேறில்லை. நெய்தற் பறவையைக் குறிஞ்சியில் வைத்தால் அது வெறும் பறவையாகுமேயன்றிக் கவிதையாகாது. இன்றைய பறவைப் படங்களிற் பெரும்பாலானவற்றை இவ்வளவுகோலால் அளந்து பார்த்தல் பயனுடையது. தொலைவிலுள்ளதை அருகே காட்டும் நீண்ட வில்லை, பறவையின் ஒவ்வொரு தூவியையும் கண்ணின் ஈரத்தையும் துல்லியமாகக் காட்டுகிறது. பின்னணியோ பச்சையாகவோ பழுப்பாகவோ கரைந்து வெறும் நிறப்பரப்பாகிவிடுகிறது. மீன்கொத்தி இருக்கிறது; குளம் இல்லை. காலை எது, மாலை எது, மாரி எது, கோடை எது என்று சொல்ல முடியாது. துல்லியம் கூடக்கூட நிலம் மறைகிறது. இதனை முன்னேற்றமென்று கொண்டாடுவோர் எதை இழந்தோம் என்று கணக்கிடுவதில்லை.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விட்டு இறுதிவரை விலகவில்லை. வெவ்வேறு கருவிகளின் பகுதிகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட பாரமான கமராவுக்கு வேடிக்கையாகப் பெயருஞ் சூட்டியிருந்தார். அதைச் சுமந்து முதுமலை போன்ற காடுகளிற் கால்நடையாகவும், பழக்கப்பட்ட யானைகளின் மீதமர்ந்தும் அலைந்தார். அவர் படங்களில் விலங்கு பெரும்பாலும் தன் காட்டினுள்ளேயே நிற்கிறது. புல்லின் உயரமும் மரத்தின் நிழலும் தெரிகின்றன. யானை தனி உருவாக அன்றித் தன் கூட்டத்தின் உறுப்பாகக் காட்சி தருகிறது. இன்றைய போட்டியொன்றின் நடுவர்கள் இவற்றுட் பலவற்றை முதற் சுற்றிலேயே தள்ளிவிடுவர் என்பதில் ஐயமில்லை. சாம்பல் நிறம் மிகுந்தவை, சில மங்கலானவை, பரபரப்பான கணமெதுவும் இல்லாதவை. ஆயின் அவற்றை நெடுநேரம் பார்க்க முடிகிறது. பரபரப்பான கணத்தைக் காட்டும் படம் ஒரு முறை பார்த்ததும் தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. கிருஷ்ணனிடம் படமும் எழுத்தும் வேறுவேறல்ல. ஜவகர்லால் நேரு ஆய்வு உதவி பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975 இல் நூலாக வெளியிட்டது. அந்த ஆய்வில் படம் சான்றாகிறது. விலங்கு என்ன செய்தது, எந்நேரத்தில், எந்நிலையில் என்ற கேள்விக்கு அது விடை சொல்லியாக வேண்டும். எனவே அழகுக்காக ஒன்றைச் சோடித்தல் அங்கே பொய்ச்சாட்சி சொல்வதற்குச் சமம்.

சோடித்தல் இன்று அருகிய குற்றமன்று. லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற போட்டியில் 2009 இல் முதற் பரிசு பெற்ற படம், இரவிலே படலையைத் தாண்டிப் பாயும் ஓநாயினுடையது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருத்தல் கூடுமெனக் கண்டு 2010 இல் பரிசு பறிக்கப்பட்டது. அதே போட்டியில் 2017 இல் பரிசு பெற்ற மற்றொரு படத்தில் இருந்த எறும்புண்ணி பஞ்சடைத்து வைக்கப்பட்ட பாடம் எனக் கருதப்பட்டு 2018 இல் அதுவும் நீக்கப்பட்டது. இங்கே ஒரு வாதம் எழலாம். பரிசு போனால் என்ன, படம் மாறவில்லையே. நேற்று அழகாயிருந்தது இன்று அழகற்றதாவது எப்படி? கலை கலைக்காகவே என்போரின் பழைய வாதமே இது. நாவலில் வரும் பாத்திரம் உண்மையில் வாழாதவராயினும் நாவல் பொய்யாவதில்லை. ஏனெனில் நாவல் அவ்வாறு வாக்களிப்பதில்லை. வனவிலங்குப் படம் வாக்களிக்கிறது. ‘இது நிகழ்ந்தது, மனிதன் தலையிடாமல் நிகழ்ந்தது’ என்பது அப்படத்தின் உள்ளடக்கத்தின் ஒரு பகுதி. ஓநாயின் பாய்ச்சல் அவ்வாக்கினால்தான் நம்மை வியக்க வைத்தது. வாக்குப் பொய்த்தால் உள்ளடக்கம் பொய்க்கிறது. எஞ்சுவது சர்க்கஸ் விலங்கொன்றின் சாகசம். ஆகவே படம் பெறப்பட்ட முறையை ஆராய்வது ஒழுக்கவாதிகளின் வேலை மட்டுமன்று, விமர்சகனின் வேலையுமாகும்.

இவ்வளவு கூறியபின் கிருஷ்ணனிடமும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கருப்பொருள்களுள் தொழிலும் ஒன்று என்பது முன்னர்க் கூறப்பட்டது. அவரது படங்களில் மரமுண்டு, புல்லுண்டு, பொழுதுண்டு, தொழில் இல்லை. அவர் ஏறிய யானையைச் செலுத்திய பாகனும், காட்டுக்குள்ளும் விளிம்பிலும் வாழ்ந்த மக்களும் அவர் சட்டகத்துள் அரிதாகவே வருகின்றனர். மனிதனற்ற காடே தூய காடு என்ற இந்நோக்கு அவருக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் தேசிய பூங்காக்களை உருவாக்கிய சிந்தனையின் நிழல் அது. இலங்கையில் 1983 இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா அமைந்தபோது, வேடர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த காடு அவர்களுக்கு மூடப்பட்டது. மனிதனற்ற காட்டின் படம் வெறும் படமாக நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழர் வாழும் வறண்ட நிலங்களில் இந்நோக்கு பொருந்தவும் மாட்டாது. பறவைகள் திரளும் வேடந்தாங்கல் மக்கள் வெட்டிய ஏரி. எச்சத்தால் உரமேறிய நீர் தம் வயலுக்கு நல்லதென்று கண்ட ஊரவர், சட்டம் வருமுன்பே பறவைகளைக் காத்தனர். மன்னாரின் கட்டுக்கரைக்குளம் 1954 இல் சரணாலயமாக்கப்பட்டது. அதுவும் நெல்லுக்காகக் கட்டப்பட்ட குளமே. அங்கு வரும் வாத்தும் நாரையும் ‘இயற்கை’ என்றால், மதகும் அணைக்கட்டும் வயலிறைப்பும் எதில் அடங்கும்? வேடந்தாங்கலைப் பற்றிக் கிருஷ்ணன் தமிழில் எழுதியிருக்கிறார் என்பதால் இவ்வினாவை அவரிடம் கேட்பது அநீதியாகாது.

இலங்கையில் இன்று கமரா எளிதாகக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. யாலவில் ஒரு சிறுத்தை மரத்திலிருப்பதாகச் செய்தி பரவினால் ஜீப்புகள் வரிசை கட்டுகின்றன. அவ்வரிசையில் நின்று எடுக்கப்படும் படத்தில் சிறுத்தை தனிமையிற் சயனிக்கிறது. வரிசை படத்தில் இல்லை. பறவையின் குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டு, தன் எல்லைக்குட் புகுந்த பகையென எண்ணி அது வெளிப்படுகையிற் படமெடுப்பது இன்னொரு வழக்கம். இலங்கைக்கே உரிய சிறு ஆந்தையினம் ஒன்று 1995 இல் முதலிற் குரலாலேயே அறியப்பட்டது. கண்ணால் அடையாளங் காண்பதற்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2004 இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. ஆறாண்டுகள் ஒரு குரலைப் பின்தொடர்ந்தோரின் பொறுமையையும், அரைமணி நேரத்திற் கிளையொன்றுக்கு ஆந்தையை அழைத்துவரும் ஒலிப்பதிவையும் ஒரே கலையின் இரு படிகளாகக் கருத முடியாது.

மன்னாரில் வங்காலைக் கடனீரேரிப் பகுதிக்கு மாரிக்காலத்திற் பூநாரைகள் வருகின்றன. மன்னார்த் தீவின் தென்கரையோரம் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்கள் நிற்கின்றன. மன்னார்ப் பறவைகளின் படங்களுட் புகழ்பெறுபவற்றில் இளஞ்சிவப்புச் சிறகுகளும் நீல நீரும் மாத்திரமே உள. கோபுரமோ, வலை இழுப்பவரோ சட்டகத்துள் நுழைந்தால் அப்படம் கழிக்கப்படும். அவற்றையும் உட்கொண்டு ஒருவர் மன்னாரின் நெய்தலைப் படமாக்குவாராயின், அவர் கிருஷ்ணனிடமிருந்து நிலத்தைக் கற்றுக்கொண்டு, கிருஷ்ணன் விட்ட தொழிலையும் அதனோடு சேர்த்தவராவார். அத்தகைய படத்தொகுதியொன்று மன்னாரிலிருந்து வருமாயின், அதனை அளப்பதற்கான விமர்சன மொழியும் தமிழில் அப்போது தேவைப்படும்.