முன்கூட்டியே விற்ற பனி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வாசாட்ச் மலைத்தொடரின் மடியில் பார்க் சிட்டி என்ற பனிச்சறுக்குத் தலம் இருக்கிறது. 2024-25 குளிர்காலத்தில் அங்கே ஒரே மலைக்கு இரண்டு விலைகள். கூட்டம் மிகுந்த விடுமுறை நாளில் கவுண்டருக்குப் போய் டிக்கெட் கேட்டவர் ஒரு நாளுக்கு 300 டாலருக்கு மேல் கொடுத்தார். பனி விழுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எபிக் பாஸ் வாங்கி வைத்தவர் 982 டாலர் கொடுத்தார். அந்தப் பாஸுடன் சீசன் முடியும்வரை பார்க் சிட்டியிலும், உரிமையாளரான வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனத்தின் மற்ற மலைகளிலும் அவர் சறுக்கலாம். மூன்று நாள் கவுண்டர் விலைக்கு ஒரு குளிர்காலம் முழுவதும்.

இந்த இரண்டு விலைகளையும் தனித்தனியே பார்த்தால் ஒன்று கொள்ளை, மற்றது தாராளம் என்று தோன்றும். உண்மையில் ஒன்றுக்காகவே மற்றது இருக்கிறது. கவுண்டரில் எழுதியிருக்கும் விலையின் முதல் வேலை, அதைப் பார்ப்பவரைப் பாஸின் பக்கம் தள்ளுவது. அது புரிந்தால்தான் உரிமை கைமாறிய பிறகு பார்க் சிட்டிக்கு என்ன நேர்ந்தது என்பதும் புரியும்.

இந்த ஊரின் பிறப்பே வெள்ளியில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுரங்கத் தொழிலாளர்கள் வந்து எழுப்பிய ஊர். வெள்ளி விலை படுத்துப்போன காலத்தில், சுரங்க நிறுவனமே கூட்டரசின் கடனுதவியோடு 1963 டிசம்பரில் இங்கே பனிச்சறுக்குத் தலத்தைத் திறந்தது. தொடக்க ஆண்டுகளில் சறுக்க வந்தவர்களைச் சுரங்க ரயிலில் ஏற்றி மலையின் வயிற்றுக்குள் கொண்டுபோய், தொழிலாளர்கள் ஏறி இறங்கிய அதே லிஃப்டில் மேலே தூக்கி, பனியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். இருட்டும் ஈரமும் நிறைந்த அந்தப் பயணம் அதிக நாள் நீடிக்கவில்லை. நீடித்தது வேறொன்று: மலையின் மேற்பகுதி நிலம் சுரங்க நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. பனிச்சறுக்குத் தலத்தை நடத்தியவர்கள் அதன் குத்தகைதாரர்கள்.

1994இல் பௌடர் என்ற நிறுவனம் தலத்தை வாங்கியது. மேல்மலை நிலத்துக்கு அது கட்டிவந்த குத்தகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலர். உலகப் புகழ்பெற்ற ஒரு மலைக்கு அது கிட்டத்தட்டச் சும்மா கிடைத்த விலை. 2011இல் குத்தகை முடிய இருந்தது. புதுப்பித்துக்கொள்ளும் உரிமை பௌடரிடம் இருந்தும், அதற்கான கடிதத்தைக் கெடுவுக்குள் கொடுக்கவில்லை. அதற்குள் சுரங்க நிறுவனம் டாலிஸ்கர் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. அது கெடு தவறியதை விடவில்லை. வழக்கு நீதிமன்றம் ஏறியது.

வழக்கு நடந்துகொண்டிருந்த 2013இல் வெய்ல் உள்ளே வந்தது. டாலிஸ்கரிடமிருந்து பக்கத்து மலையான கேன்யன்ஸை 50 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. தொடக்கத் தொகை ஆண்டுக்கு 2.5 கோடி டாலர். தகராறில் இருந்த பார்க் சிட்டி நிலத்தின் மீதான உரிமையும் அந்த ஒப்பந்தத்துக்குள் இருந்தது. 2014 மே மாதம் தீர்ப்பு பௌடருக்கு எதிராக வந்தது. மேல்மலை ஒருவரிடம், அடிவாரக் கட்டடங்களும் வாகன நிறுத்தமும் இன்னொருவரிடம் என்று ஆன பிறகு, செப்டம்பரில் பௌடர் தன் பங்கை வெய்லுக்கு 18.25 கோடி டாலருக்கு விற்றுவிட்டு விலகியது.

ஒரு கடிதம் தாமதமானதால் மலை கைமாறியது என்று இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்வார்கள். என் கண் போவது குத்தகைத் தொகையின் மீது. ஒன்றரை லட்சத்துக்கு ஓடிய தலம் இப்போது, பக்கத்து மலையோடு சேர்ந்து, 2.5 கோடிக்கு ஓட வேண்டும். உரிமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தப் பணம் ஆள்கூட்டத்திடமிருந்துதான் வந்தாக வேண்டும்.

வெய்ல் வந்ததும் செய்த நல்லவற்றைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஏறத்தாழ 5 கோடி டாலர் செலவில் இரண்டு மலைகளையும் குவிக்சில்வர் கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியால் இணைத்து, 2015-16 சீசனில் 7,300 ஏக்கர் பரப்புள்ள ஒரே தலமாகத் திறந்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய தலங்களில் ஒன்று அது. ஒரே பாஸில் கொலராடோவுக்கும் போகலாம், கலிஃபோர்னியாவுக்கும் போகலாம் என்ற வசதி வந்தது. வாரம் இரண்டு நாள் சறுக்கும் உள்ளூர்க்காரருக்கு ஒரு நாளின் செலவு சில பத்து டாலராக இறங்கிவிடும். பல பழைய தலங்கள் கொடுக்க முடியாத விலை அது.

எபிக் பாஸ் 2008இல் 579 டாலருக்கு அறிமுகமானது. அதற்கு முன் வெய்ல் மலையின் முழுச் சீசன் பாஸ் ஆயிரம் டாலரை எளிதில் தாண்டும். விலைக் குறைப்பு இந்த நிறுவனத்தின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. பத்தாண்டுகளுக்கு முன்பே, 1998இல், கொலராடோவின் விண்டர் பார்க் நால்வர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு 199 டாலர் என்று ஒரு பாஸை விற்றுச் சந்தையைக் கலக்கியிருந்தது. வெய்ல் அந்த எண்ணத்தைப் பெரிய அளவில், பெரிய ஒழுங்கோடு செயல்படுத்தியது. பனி தொழிலல்ல, சூதாட்டம் என்று பழைய முதலாளிகள் பயந்தார்கள். டிசம்பரில் பனி பொய்த்தால் கடன் தவணை நிற்கும். முன்கூட்டியே பாஸ் விற்ற பிறகு அந்தப் பயம் பெருமளவு போயிற்று. பனி பெய்யாவிட்டாலும் பணம் ஏற்கெனவே வந்துவிட்டது. பருவநிலை தடுமாறும் காலத்தில் ஒரு மலை திவாலாகாமல் நிற்பது அந்த ஊரின் கடைக்காரர்களுக்கும் ஓட்டல் ஊழியர்களுக்கும் சோறு. அதனால் பாஸ் முறையை முழுதாகத் தூற்றுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் பனி பொய்க்கும் ஆபத்து எங்கும் மறையவில்லை. முதலாளியின் தோளிலிருந்து வாடிக்கையாளரின் தோளுக்கு மாறியிருக்கிறது. அதோடு இன்னொன்றும் மாறியது. இந்த முறையின் பெரிய குறையாக நான் கருதுவது அதைத்தான்.

நம் ஊரில் ரயிலுக்குச் சீசன் டிக்கெட் வாங்குகிறோம். ரயில் தினமும் தாமதமானால் அடுத்த மாதம் பேருந்துக்கு மாறிவிடலாம். பனிச்சறுக்குப் பாஸ் வாங்கியவருக்கு அந்த வழி கிடையாது. வரிசை ஒரு மணி நேரம் நீண்டாலும், பாதி மலை மூடிக்கிடந்தாலும், அவருடைய பணம் சென்ற வேனிலிலேயே கணக்கில் ஏறிவிட்டது. முன்பெல்லாம் சேவை கெட்டால் அன்றைக்கே கவுண்டரில் கூட்டம் குறையும், மேலாளருக்கு அன்று மாலையே தெரியும். இப்போது அந்தச் செய்தி போய்ச்சேர ஓர் ஆண்டு ஆகிறது. அதுவும் வேறு மாநிலத்தில் இருக்கும் தலைமையகத்துக்கு, நாற்பது மலைகளின் கூட்டுக் கணக்கில் ஒரு வரியாக.

2021இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டு வெய்ல் தன் பாஸ்களின் விலையை 20 சதவீதம் குறைத்தது; எபிக் பாஸ் 979 டாலரிலிருந்து 783 ஆனது. 21 லட்சம் பாஸ்கள் விற்றன. வாங்கியவர்களை ஏற்றி இறக்க ஆள் போதவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் வெய்லுக்குச் சொந்தமான ஸ்டீவன்ஸ் பாஸ் மலையில் பல லிஃப்டுகள் வாரக்கணக்கில் ஓடவே இல்லை. அங்கே கொந்தளித்த வாடிக்கையாளர்களின் மனுவில் 40,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் பிறகு ஊதியத்தை உயர்த்தியது, குறைந்தபட்சம் மணிக்கு 20 டாலர் என்று அறிவித்தது. திருத்தம் வந்தது உண்மை. ஆனால் வந்தது அடுத்த சீசனுக்கு.

பார்க் சிட்டிக்குத் திரும்புவோம். இங்கே ஊர்க்காரர்களின் பங்கையும் பேசாமல் விட்டால் நேர்மை ஆகாது. கூட்டத்தைச் சமாளிக்க வெய்ல் இரண்டு லிஃப்டுகளை மாற்ற முன்வந்தது. ஒன்றில் எட்டுப் பேர், இன்னொன்றில் ஆறு பேர் ஒரே நேரத்தில் அமரலாம். 2022இல் நகர நிர்வாகம் அனுமதியும் கொடுத்தது. ஊர்வாசிகள் நால்வர் மேல்முறையீடு செய்தார்கள்: லிஃப்ட் பெருத்தால் ஆட்கள் பெருகுவார்கள், கார்கள் பெருகும், மலைக்கான கூட்டக் கணக்கும் வாகன நிறுத்தத் திட்டமும் போதாது என்பது அவர்கள் வாதம். திட்டக்குழு அதை ஏற்று அனுமதியை ரத்து செய்தது. தயாராக இருந்த லிஃப்டுகள் கனடாவின் விஸ்லருக்குப் போய்ச்சேர்ந்தன.

இதில் யார் பக்கம் நியாயம்? வரிசை நீளம் என்று குறைசொல்லிவிட்டு வரிசையைக் குறைக்கும் லிஃப்டையும் தடுப்பதா என்று கேட்பது எளிது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரலாம் என்ற கேள்விக்கு, எல்லையற்ற பாஸ் விற்கும் நிறுவனத்தின் சொல்லை ஊர் நம்பாமல் போனதில் வியப்பில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புதான் ‘பார்க் சிட்டி’ என்ற ஊர்ப்பெயரையே தன் வணிகக் குறியாகப் பதிவுசெய்ய அது முயன்றது. எதிர்ப்பு வலுத்ததும் 2016இல் பின்வாங்கியது. அந்த வடு ஆறவில்லை. பக்கத்திலேயே இருக்கும் டீர் வேலி தலம் ஒரு நாளில் எத்தனை பேரை அனுமதிப்பது என்று வரம்பு வைத்து நடக்கிறது. அங்கும் விலை மலிவல்ல, உரிமையாளரும் சிறியவரல்ல. அல்டெரா என்ற போட்டிப் பெருநிறுவனம்தான். ஆனாலும் விற்கும் டிக்கெட்டின் எண்ணிக்கைக்கும் மலையின் கொள்ளளவுக்கும் ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கிறது.

2024 டிசம்பர் 27. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட, ஆண்டின் மிகப் பரபரப்பான வாரம். பார்க் சிட்டியின் பாதுகாப்புக் காவலர்கள் ஏறத்தாழ 200 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இவர்கள் வேலை என்ன என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது விளங்கும். சறுக்குபவர்கள் வருவதற்கு முன், விடியற்காலையில் மேலே ஏறி, புதுப்பனி எங்கே நிலைகுலைந்து தொங்குகிறது என்று பார்ப்பார்கள். தேவைப்பட்ட இடத்தில் வெடிவைத்துப் பனிச்சரிவைத் தாங்களே வரவழைத்து இறக்கிவிடுவார்கள். காலொடிந்தவரை ஸ்லெட்டில் கட்டிக் கீழே கொண்டுவருவார்கள். அவர்கள் பார்த்து ‘சரி’ சொல்லாத சரிவு திறக்காது. இத்தனைக்கும் தொடக்க ஊதியம் மணிக்கு 21 டாலர். அவர்கள் கேட்டது 23. ஒரு மணி நேர உழைப்புக்கு அந்த இரண்டு டாலர்தான் போராட்டத்தின் முக்கியக் கோரிக்கை. அதே மலையின் ஒரு நாள் டிக்கெட் 300 டாலருக்கு மேல்.

நிறுவனம் மற்ற மலைகளிலிருந்து ஆட்களை வரவழைத்தும் மலையின் சிறு பகுதியை மட்டுமே திறந்து வைக்க முடிந்தது. விடுமுறைக்குக் குடும்பத்தோடு விமானம் ஏறி வந்தவர்கள் இருக்கும் சில லிஃப்டுகளின் முன் மணிக்கணக்கில் நின்றார்கள். 13 நாளில் நிறுவனம் இறங்கிவந்தது. தொடக்க ஊதியம் 23 டாலர் ஆனது.

அதற்குப் பின் வந்த இழப்பீட்டை நான் மறக்கமாட்டேன். அந்த நாட்களில் சறுக்கியவர்களுக்கு, செலுத்திய தொகையில் பாதிக்கு ஈடான வரவு தரப்பட்டது. கையில் பணமாக அல்ல. அடுத்த சீசனின் பாஸ் வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம். ஏமாந்தவர் தன் ஏமாற்றத்துக்கு ஈடு பெற வேண்டுமானால் மறுபடியும் முன்பணம் கட்ட வேண்டும். இதைத் தீட்டியவர்கள் தீய எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பாஸ் என்ற ஒரே வாசல் வழியாகப் பார்த்துப் பழகிய நிறுவனத்துக்கு மன்னிப்புக் கேட்கவும் வேறு வாசல் தெரியவில்லை.

பங்குச்சந்தையும் இதைக் கவனித்தது. 2021 நவம்பரில் 370 டாலரை ஒட்டி இருந்த வெய்லின் பங்கு, 2025 வசந்தத்தில் அதில் பாதிக்கும் கீழே கிடந்தது. அதற்கு வேலைநிறுத்தம் மட்டும் காரணமல்ல. பெருந்தொற்றுக்குப் பின் பொங்கிய கூட்டம் வடிந்ததும், பாஸ் விற்பனை தேங்கியதும் சேர்ந்த விளைவு. 2025 மே மாதம் எபிக் பாஸை உருவாக்கிய ராப் காட்ஸ் மீண்டும் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். சில மாதங்களில் புதுச் சலுகை ஒன்று வெளியானது: பாஸ் வைத்திருப்பவர் தன் நண்பருக்குக் கவுண்டர் விலையில் பாதிக்கு டிக்கெட் வாங்கித் தரலாம். அந்த நண்பர் கட்டிய தொகையைப் பிறகு அடுத்த சீசன் பாஸில் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு.

கவுண்டர் விலை மிரட்டியதில் புது ஆட்கள் வருவது நின்றுபோனது என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது போலத்தான் இது. பனிச்சறுக்கை யாரும் 900 டாலர் கட்டிவிட்டுத் தொடங்குவதில்லை. ஒரு சனிக்கிழமை காலை, பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாமல், யாரோ கூப்பிட்டார்கள் என்று போய், பத்து முறை விழுந்து, பதினோராவது முறை நிற்கும்போது பிடித்துப்போகிறது. அப்படி வருபவருக்கான விலைதான் இத்தனை ஆண்டுகள் கைவிடப்பட்டிருந்தது. அரை விலைச் சலுகை நல்லதே. ஆனால் அது பாஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருப்பவருக்கு. சால்ட் லேக் சிட்டியிலிருந்து பார்க் சிட்டிக்கு அரை மணி நேரப் பயணம்தான். அந்த நகரிலிருந்து, பாஸ் வைத்திருக்கும் எவரையும் தெரியாத ஒரு குடும்பம் தன் பிள்ளைகளோடு அந்தக் கவுண்டரின் முன் வந்து நின்றால், பலகையில் இன்னும் அதே முழு விலைதான் எழுதியிருக்கும்.