மலையடி நகரும் கெடிஸின் நகர மருத்துவமும்

1947-ஆம் ஆண்டில் லண்டனில் ‘இந்தியாவில் பாட்ரிக் கெடிஸ்’ என்ற நூல் வெளியாயிற்று. அதைத் தொகுத்தவர் ஜாக்குலின் டிர்விட் என்னும் நகரமைப்பு அறிஞர். முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டு நகரங்களைப் பற்றிக் கெடிஸ் எழுதிய அறிக்கைகளிலிருந்து எடுத்த பகுதிகளே அந்நூலில் உள்ளன. நகரமைப்பு பயிலும் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். வளம் குன்றாத நகரம், பேரிடரைத் தாங்கி நிற்கும் நகரம் என்று இக்காலத்தில் பேசப்படும் கருத்துகளுக்கெல்லாம் கெடிஸே முன்னோடி என்று பாராட்டுகிறவர்கள் பலர்.

இப்பாராட்டு எந்த அளவுக்குப் பொருந்தும்? நூலை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண இயலாது. அவர் கூறிய முறையை ஓர் ஊரின்மீது வைத்துப் பார்க்க வேண்டும். இதற்குத் திருவண்ணாமலை மிகவும் ஏற்ற ஊர். மலை, கோயில், தேரோடும் வீதி, குளம், ஏரி, வயல் ஆகிய எல்லாம் அங்கே ஒரே பார்வையில் அடங்கிவிடும். 2024 டிசம்பர் 1-ஆம் நாள் மலையடிவாரக் குடியிருப்பில் மண் சரிந்து ஏழு உயிர்களைப் பறித்ததும் அவ்வூரில்தான்.

உயிரியலிலிருந்து நகரமைப்புக்கு

கெடிஸ் 1854-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். டார்வினின் நண்பரான ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். 1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றபோது சில காலம் பார்வையை இழந்தார். பார்வை திரும்பியது, எனினும் நெடுநேரம் நுண்ணோக்கியில் பார்த்து ஆராயும் வேலை அவருக்கு இயலாமற் போயிற்று. 1888 முதல் டண்டீ நகரில் தாவரவியல் பேராசிரியராக இருந்துகொண்டே, எடின்பரோவின் பழைய சேரிப்பகுதிகளைச் சீர்திருத்தும் பணியிலும் ஈடுபட்டார். செடியையும் அது வளரும் மண்ணையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது தாவரவியல் பாடம். மக்களையும் அவர்கள் வாழும் இடத்தையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று அப்பாடத்தை நகரத்துக்கு விரித்தவர் கெடிஸ்.

சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. அக்கப்பலை எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைமீது குண்டு வீசி, நம் பேச்சு வழக்கிலேயே இடம் பிடித்துவிட்ட அதே எம்டன்தான்! கெடிஸ் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் உதவியால் புதிய படங்களைத் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பின்னர்ச் சென்னை மாகாணத்து நகரங்களையும் பிற மாகாணங்களையும் சமஸ்தானங்களையும் சுற்றி, ஏறத்தாழ ஐம்பது நகரங்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். 1932-இல் பிரான்சில் காலமானார்.

அவருடைய மூன்று கருத்துகள்

முதலாவது, மருந்துக்கு முன் நோயறிதல். வரைபடத்தின்மீது கோடு கிழிப்பதற்கு முன், ஊரின் ஒவ்வொரு சந்தையும் நடந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தெருவில் நெரிசல் என்றால் அகலமான சாலை ஒன்றை ஊருக்குக் குறுக்கே வெட்டுவதுதான் அக்காலப் பொறியாளர்களின் வழக்கம். கெடிஸ் இதை எதிர்த்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் கூறிய மாற்றுத் திட்டம் புகழ்பெற்றது. இடிந்துபோன சில வீடுகளை மட்டும் அகற்றி, காலியிடங்களைச் சேர்த்து, இருக்கும் சந்துகளையே சற்று விரிவுபடுத்தினால் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும் என்று காட்டினார். அவர் கணக்குப்படி செலவும் வெகுவாகக் குறைந்தது. இதனை அவர் உறுப்பைக் காக்கும் அறுவை மருத்துவத்துக்கு ஒப்பிட்டார்.

இரண்டாவது, நீரைக் காத்தல். மலேரியாவுக்கு அஞ்சி ஊர்க்குளங்களைத் தூர்க்கும் போக்கு அன்று பரவியிருந்தது. கொசுவை ஒழிக்கக் குளத்தை ஒழிக்க வேண்டியதில்லை, கொசுப்புழுவைத் தின்னும் மீன்களையும் வாத்துகளையும் வளர்த்தால் போதும் என்றார் கெடிஸ். குழாய்நீர் வந்துவிட்டது என்பதற்காகக் கிணறுகளை மூடிவிடக் கூடாது, குழாய் பழுதாகும் நாளில் அவையே ஊரைக் காக்கும் என்றும் எச்சரித்தார்.

மூன்றாவது, பள்ளத்தாக்குக் குறுக்குவெட்டு. மலைமுடியிலிருந்து கடல்வரை நிலத்தை நெடுக வெட்டிப் பார்த்தால், ஒவ்வொரு மட்டத்திலும் ஒவ்வொரு தொழிலும் வாழ்க்கையும் அமைந்திருப்பதைக் காணலாம். மேலே நடப்பது கீழே உள்ளவர்களைத் தாக்கும். ஆகையால் நகரத்தை அதன் எல்லைக் கல்லோடு நிறுத்திப் படிக்கக் கூடாது என்பது இதன் கருத்து.

திருவண்ணாமலையில் வைத்துப் பார்த்தால்

அண்ணாமலை ஏறத்தாழ 814 மீட்டர் உயரமுள்ள, தனித்து நிற்கும் மலை. அதன் கிழக்கு அடிவாரத்தில் சுமார் 25 ஏக்கர் பரப்பில் அருணாசலேசுவரர் கோயில். கோயிலைச் சூழ்ந்து தேர் வீதிகள். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. பாதை நெடுகிலும் தீர்த்தக் குளங்கள். அதற்கப்பால் சமுத்திரம் ஏரி போன்ற ஏரிகளும் வயல்களும். கெடிஸின் குறுக்குவெட்டுப் படத்தை இவ்வூரில் சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே வரைந்துவிடலாம்.

தீர்த்தங்களைப் பக்தர் புனித நீராகக் காண்கிறார். நீரியல் கண்கொண்டு பார்ப்பவருக்கு அவை மலைநீரைத் தடுத்து நிறுத்தும் படிகளாகவும் தோன்றும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். கோயிலின் பரப்பு 25 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 1 லட்சம் சதுர மீட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் கோயில் பரப்பில் மட்டும் 1 கோடி லிட்டர் நீர் விழும். மலைச்சரிவின் பரப்போ இதைப்போல் பல மடங்கு. இந்நீருக்குக் கால்வாயும் குளமும் ஏரியும் இடம் தராவிட்டால், அது தெருவிலும் வீட்டிலும் இடம் தேடிக்கொள்ளும். ஒரு குளத்தைத் தூர் வாரி, அதன் வரத்துக் கால்வாயை அடைத்துவிட்டால் பயனில்லை என்பதும் இதனால் விளங்கும்.

மலைமேல் உள்ள பசுமைக்கும் இதில் பங்கு உண்டு. விறகு வெட்டலாலும் மேய்ச்சலாலும் கோடைத் தீயாலும் மொட்டையாகிவிட்ட இம்மலையில், 1980-களின் இறுதியிலிருந்து தொண்டு அமைப்புகளும் வனத்துறையும் மரம் வளர்த்து வருகின்றன. மழைத்துளியின் வேகத்தை இலைகள் குறைக்கின்றன. சருகு நீரை உறிஞ்சுகிறது. கீழே வரும் வெள்ளம் நிதானமாக வருகிறது. 2010-களின் நடுப்பகுதியில் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது எதிர்ப்பு எழுந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. நோயறியாமல் கத்தியை எடுக்காதீர்கள் என்ற கெடிஸின் வாதத்தை அவர் பெயரைச் சொல்லாமலே மக்கள் எடுத்து வைத்தார்கள் எனலாம்.

இதுவரையில் கெடிஸின் முறை நன்றாகவே பொருந்துகிறது.

எங்கே குறைபடுகிறது?

இனி 2024-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு வருவோம். ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையில் வ.உ.சி. நகர்ப் பகுதியில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடின. இறந்த ஏழு பேரில் ஐவர் சிறுவர் சிறுமியர்.

சரிவில் உள்ள மண் ஏன் நிற்கிறது, ஏன் சரிகிறது? மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொண்டிருக்கும் வரையில் சரிவு நிற்கும். தொடர்மழையில் துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளில் நீர் நிரம்புகிறது. அந்நீரின் அழுத்தம் துகள்களை விலக்குவதால் உராய்வு குறைகிறது. நீரின் எடையும் சேர்ந்துகொள்கிறது. மனை போடுவதற்காகச் சரிவின் அடிப்பகுதியை வெட்டியிருந்தால், மேலுள்ள மண்ணுக்கு முட்டுக்கொடுக்க ஒன்றும் இராது. மரவேர்கள் மேல்மண்ணைப் பிடிக்கும். ஆழத்தில் நழுவும் மண்ணையும் உருளும் பெரும்பாறையையும் அவற்றால் தடுக்க முடியாது.

இங்கேதான் கெடிஸின் மென்மையான மருத்துவம் போதாமற் போகிறது. இருக்கும் வீட்டைக் காப்பாற்று, சந்தைச் சற்று விரிவாக்கு என்பது, வீடு நிற்கும் நிலம் உறுதியாக இருக்கும் இடத்துக்கே பொருந்தும். நிலமே நழுவக்கூடிய இடத்தில் வீட்டை அழகுபடுத்திக் காப்பது ஆபத்தைக் காப்பதாகவே முடியும். அங்கே குடியிருப்பை இடம் மாற்றத்தான் வேண்டும். நடந்து பார்க்கும் கண் மட்டும் இதற்குப் போதாது. சரிவின் கோணம், மண்ணின் ஆழம், மணிக்கணக்கில் மழையளவு ஆகியவற்றை அளக்கும் கருவிகளும் வேண்டும்.

மற்றொரு குறையும் உண்டு. ஆபத்தான சரிவில் யார் குடியேறுகிறார்கள்? ஊருக்குள் மனை வாங்க வசதியில்லாத உழைப்பாளிகளே பெரும்பாலும். அவர்களுள் பலருக்குப் பட்டா இல்லை. கெடிஸ் மக்களின் ஒத்துழைப்பில் பெரும் நம்பிக்கை வைத்தவர். இந்தூரில் பிளேக் நோய் பரவிய காலத்தில், தீபாவளி ஊர்வலம் மிகத் தூய்மையாக வைக்கப்பட்ட தெருக்களின் வழியாகவே செல்லும் என்று அறிவித்து, மக்களைத் தாமாகவே தெருக்களைச் சுத்தம் செய்ய வைத்தார். துப்புரவுத் தொழிலாளர்களுக்கு அவ்வூர்வலத்தில் மாலை மரியாதையும் செய்தார். அருமையான செயல்தான். ஆனால் ஒரு நாள் மரியாதை வேறு, நிலையான குடியிருப்பு உரிமை வேறு. பின்னதை ஊர்வலத்தால் பெற முடியாது. சட்டத்தாலும் நிதியாலும்தான் பெற முடியும்.

அவருடைய வாழ்க்கைப் பணியே இதற்குச் சான்று. இந்திய நகரங்களுக்கு அவர் எழுதிய பரிந்துரைகளில் பெரும்பகுதி ஏட்டளவில் நின்றுவிட்டது. அவற்றை நிறைவேற்றும் அதிகாரம் ஆளுநரிடமும் அரசரிடமும் பொறியாளரிடமும் இருந்தது. மாறாக, 1925-இல் டெல் அவிவ் நகருக்கு அவர் தீட்டிய திட்டத்தை அந்நகராட்சி ஏற்றுச் செயற்படுத்தியது. அங்கே வடிவம் பெற்ற நகர்ப்பகுதி 2003-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. திட்டத்தின் தரத்தோடு அதை ஏற்று நடத்தும் அமைப்பும் வேண்டும் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. டிர்விட்டின் தொகுப்பில் சிறந்த பகுதிகள் தெளிவாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பரிந்துரைக்கும் பின்னர் என்ன நேர்ந்தது என்று அதைக் கொண்டு அறிவது கடினம். இதனால் கெடிஸ் கருத்தாளராக உயர்ந்து தெரிகிறார்; அவர் தோல்விகளிலிருந்து கற்கும் வாய்ப்பு நமக்குக் குறைந்துவிடுகிறது.

நாம் கொள்ள வேண்டியது

2024 டிசம்பர் 13-ஆம் நாள் கார்த்திகைத் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. அதற்கு முன் மண்ணியல் வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்திருந்தனர். தொன்றுதொட்டு வரும் வழக்கம் ஒன்று ஆய்வின் சொல்லுக்கு அவ்வாண்டு இணங்கியது. இது நல்ல தொடக்கம். ஆனால் விழா நாளுக்கு மட்டும் நோயறிந்தால் போதாது. மலைச்சரிவு முழுவதற்கும் ஆபத்து வரைபடம், நீர் வரத்துக் கால்வாய்களின் பட்டியல், ஆபத்தான இடத்தில் வாழ்பவர்களுக்கு அவர்கள் வேலைக்குச் செல்லும் தொலைவுக்குள்ளேயே பட்டாவுடன் மாற்று மனை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் மருத்துவம் முழுமை பெறும். முதல் இரண்டைச் செய்து மூன்றாவதை விட்டுவிட்டால், அகற்றப்பட்டவர்கள் வேறொரு சரிவில் குடியேறுவார்கள்.

கெடிஸின் நூலைப் படிக்கும் மாணவர்கள் ஒரு சிறு பயிற்சியைச் செய்து பார்க்கலாம். மழை விட்டதும் தெருவில் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, கடைசியில் எந்தக் குளத்தை அடைகிறது அல்லது அடையாமல் நிற்கிறது என்று பெரியவர்கள் துணையோடு பார்த்து ஒரு தாளில் வரையுங்கள். நீர் தேங்கும் இடத்தில் வாழ்பவர்கள் யார் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். முதல் பகுதியைக் கற்பிக்கக் கெடிஸ் இருக்கிறார். இரண்டாவது பகுதியை அவர் நூலில் நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.